தொழிலாளியின் இரத்தமும் குடும்பத்தின் இரகசியமும்

2025-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 21-ஆம் தேதி நமது தேசத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அவற்றுள் தொழிற்சாலைப் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் பற்றிய தொகுப்பு, குறிப்பிட்ட வயதோ வகுப்போ சேர்ந்த தொழிலாளருக்கு முதலாளி வருஷந்தோறும் இலவசமாக வைத்தியப் பரிசோதனை செய்விக்க வேண்டுமென்று விதிக்கிறது. விதி நல்லதே. நோயை முளையிலேயே கண்டு கிள்ளுவதற்கு உதவும் எந்த ஏற்பாட்டையும் நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அப்பரிசோதனைக்காக எடுக்கப்படும் இரத்தம் எங்கே போகிறது, அதில் என்னென்ன பார்க்கப்படுகின்றன, பார்த்ததை யார் யார் படிக்கிறார்கள் என்னும் மூன்று கேள்விகளுக்கும் தொழிலாளி திட்டமான விடை பெறுவதற்கு இன்று வழியில்லை. இக்குறையைப் பற்றி இப்பொழுதே பேசாவிடில், பின்னர்ப் பேசிப் பயன் இராது.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பிரதேசத்திற்கு இவ்விஷயம் மிகவும் அவசரமானது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் ஆகியவற்றின் உற்பத்தியால் நாற்பது வருஷங்களாகப் பெயர் பெற்ற ஓசூரைச் சுற்றி, இப்பொழுது கைபேசி உறுப்புகளும் மின்சார ஸ்கூட்டர்களும் செய்யும் பெருஞ்சாலைகள் எழுந்திருக்கின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இச்சீமைக்கு ஜார்க்கண்டு, ஒடிஸா முதலிய தூரப் பிரதேசங்களிலிருந்தும் இளைஞரும் யுவதிகளும் திரள்திரளாக வந்து சேர்கின்றனர். வேலையில் அமருமுன் வைத்தியப் பரிசோதனை நடப்பது எங்கும் வழக்கம். வந்தவர் கை நீட்டுகிறார்; ஊசி ஏறுகிறது; குழாய் நிறைகிறது; முடிவுச் சீட்டு எவரிடம் சென்றதென்று கேட்கும் தைரியம் வேலை தேடி வந்தவருக்கு இராது.

சாதாரணப் பரிசோதனைகள் ஓசூரிலேயே முடிந்துவிடும். மரபணுவைப் பிரித்துப் படிப்பது போன்ற நுட்பமான பரிசோதனைகளுக்கான கூடங்கள் பெருநகரங்களிலேயே இருக்கின்றன. ஓசூருக்கு அண்மையிலுள்ள பெருநகரமோ சுமார் 40 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பெங்களூரு. ஜூஜூவாடியைக் கடந்து அத்திப்பள்ளியை அடைந்த மாத்திரத்தில் இரத்தக் குழாய் வேறொரு ராஜ்யத்தின் அதிகாரத்திற்குள் சென்றுவிடுகிறது. தமிழ்நாட்டு வைத்திய ஸ்தாபனங்களை 1997-ஆம் வருஷத்துச் சட்டம் ஆள்கிறது. கர்நாடகத்துத் தனியார் ஸ்தாபனங்களை ஆள்வது 2007-ஆம் வருஷத்துச் சட்டம். இரத்தம் எடுத்த இடம் ஒரு சர்க்காரின் கண்ணோட்டத்திலும், அதைப் படித்த இடம் மற்றொரு சர்க்காரின் கண்ணோட்டத்திலும் இருக்குமானால், நடுவில் ஏடு கைமாறியதற்குப் பொறுப்பாளி யார் என்பதைக் கண்டுபிடிக்க ஓர் ஏழைத் தொழிலாளியால் இயலுமா?

ஒருவர் தந்தால் பலருடையது வெளியாகும்

இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறதென்றால் அது அம்மனிதனுடைய செய்தி. மருந்து உண்டால் குறையும். பத்தியம் இருந்தால் மாறும். மரபணுவின் செய்தி அத்தகையதன்று. தாய் தந்தையரிடமிருந்து பெற்று மக்களுக்கு விட்டுச் செல்லும் ஆஸ்தி அது. அண்ணன் கொடுத்த இரத்தம் தம்பியைப் பற்றியும் பேசும். மகள் கொடுத்த இரத்தம் தாயைப் பற்றியும் பேசும். சீட்டில் கையொப்பமிட்டவர் ஒருவர். அதனால் அம்பலமாவோர் ஒரு குடும்பம்.

நமது நாட்டில் இது இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மாமன் மகளையும் அத்தை மகனையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் இன்றும் பரவலாக இருப்பதை யாவரும் அறிவர். பெண் கொடுத்த வீடும் பெண் எடுத்த வீடும் ஒன்றாயிருக்கும் ஊரில், ஒரு பெண்ணின் பரிசோதனை முடிவு வெளியே கசியுமாயின், அவளுடைய தங்கைமாரின் கல்யாணப் பேச்சும் நின்றுபோகக் கூடும். சேதம் ஒருவரோடு நில்லாது.

மரபணுப் பரிசோதனையென்றால் லட்சக்கணக்கில் செலவாகும் அபூர்வ வித்தையென்று எண்ணிவிடவும் வேண்டாம். சிவப்பணுக்களை எண்ணி அளக்கும் மிகச் சாதாரணமான இரத்தப் பரிசோதனையே, தலசீமியா என்னும் பரம்பரைச் சோகையின் சாயல் ஒருவரிடம் இருக்கலாமென்று டாக்டருக்குக் குறிப்புக் காட்டிவிடும். கதவு முன்னமே திறந்திருக்கிறது.

அரிவாள் செல் அட்டை

இதற்கு மிகவும் பொருத்தமான உதாரணம் அரிவாள் செல் சோகை. இந்நோயில் வட்டமான சிவப்பணுக்கள் அரிவாளைப்போல வளைந்து, நுண்ணிய நாளங்களில் அடைத்துக்கொண்டு பொறுக்கவொண்ணா வலியை உண்டாக்கும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அக்குறையைப் பெற்றவரே நோயாளி. ஒருவரிடமிருந்து மாத்திரம் பெற்றவர் அதைத் தாங்கிச் செல்பவர். அவர் மற்றவரைப் போலவே வாழ்ந்து உழைக்கக் கூடியவர். இந்தியாவில் இதனை முதன்முதலாகக் கண்டு உலகுக்கு அறிவித்தது 1952-இல், நமது நீலகிரி மலை மக்களிடையே நடத்திய ஆராய்ச்சியினால்தான்.

2023-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி மத்திய சர்க்கார் இந்நோயை ஒழிப்பதற்கென ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கிற்று. 17 ராஜ்யங்களில், ஆதிவாசிகள் மிகுந்த ஜில்லாக்களில், 40 வயதிற்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதென்பது அதன் திட்டம். தமிழ்நாடும் கர்நாடகமும் ஜார்க்கண்டும் ஒடிஸாவும் அந்தப் பதினேழில் அடங்கும். பரிசோதிக்கப்பட்டவருக்கு அவருடைய நிலையைக் காட்டும் அட்டை கொடுக்கப்படுகிறது. தாங்கிகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு ஏதுவுண்டு. ஆதலால் மணத்திற்கு முன் அட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். நோக்கம் தயையுள்ளது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

இனி, இவ்வட்டை ஓசூருக்கு வரும் வழியைப் பாருங்கள். 2022 நவம்பரில் மத்திய மந்திரி ஸ்ரீ அசுவினி வைஷ்ணவ், ஓசூரில் கைபேசி உற்பத்திக்காக எழும் பெருஞ்சாலையில் 60,000 பேர் வேலை பெறுவரென்றும், முதலில் வரும் 6,000 பேர் ராஞ்சி, ஹஜாரிபாக் பக்கத்து ஆதிவாசிச் சகோதரிகளென்றும் தெரிவித்தார். அங்கிருந்து இங்கு வரும் ஒரு பெண், தன் கிராமத்தில் தன் நன்மைக்காகக் கொடுக்கப்பட்ட அட்டையை மற்றக் காகிதங்களோடு பையில் வைத்துக்கொண்டு வரக்கூடும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைகளிலுள்ள இருளர் குடும்பத்துப் பெண்ணுக்கும் நாளை அத்தகைய அட்டை கிடைக்கலாம். 'தாங்கி' என்னும் சொல்லை 'நோயாளி' என்று படித்துவிடும் ஒரு குமாஸ்தா போதும்; அவள் வேலை போய்விடும். எந்த ஆலையும் அவ்வாறு செய்ததென்று நாம் கூறவில்லை. செய்தால் தடுப்பதற்குச் சட்டம் இருக்கிறதா என்பதே நமது கேள்வி.

பிற தேசத்தார் பட்ட பாடு

இது வெறும் கற்பனை அச்சமென்று சொல்வாருக்கு அமெரிக்காவின் சரித்திரம் விடையளிக்கும். இரசாயனத்திற்கும் சமாதானத்திற்குமாக இருமுறை நோபல் பரிசு பெற்ற மேதை லைனஸ் பாலிங், 1968-இல், அரிவாள் செல் குறையைத் தாங்கும் இளைஞர் ஒவ்வொருவரின் நெற்றியிலும் அடையாளம் பச்சை குத்திவிடலாமென்று எழுதினார். அவர் கொடியவரல்லர்; குழந்தைகளின் துன்பத்தைத் தடுக்க விரும்பியவர். நல்லெண்ணத்தோடு ஆரம்பித்தாலும் நெற்றியில் முத்திரை குத்துவதில் போய் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அந்நாட்டு விமானப்படைக் கலாசாலை, நல்ல தேகபலமுள்ள கறுப்பு இளைஞரை, இக்குறையைத் தாங்குகிறார்களென்ற ஒரே காரணத்திற்காக 1981 வரை சேர்த்துக்கொள்ள மறுத்தது.

கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிசாலையில் வேலைக்கு முந்திய வைத்தியப் பரிசோதனையில் எடுத்த இரத்தத்தையும் சிறுநீரையும் கொண்டு, ஊழியர் அறியாமலே மேகநோய்க்கும், பெண்களில் கர்ப்பத்திற்கும், கறுப்பரில் அரிவாள் செல்லுக்கும் சோதனை நடத்தினரென்று வழக்கு எழுந்தது. 1998-இல் மேல்கோர்ட்டு, அவ்வழக்கைத் தள்ளிவிட முடியாது, இது அந்தரங்க உரிமையைப் பற்றியதே என்று தீர்த்தது. 2001-இல் ஒரு பெரிய ரயில்வே கம்பெனி, கைமணிக்கட்டு நோவுக்கு நஷ்டஈடு கோரிய தொழிலாளரின் இரத்தத்தை இரகசியமாக மரபணுச் சோதனைக்கு அனுப்பியது அம்பலமாயிற்று. நோவு வேலையால் வந்ததன்று, பிறப்பால் வந்தது என்று காட்டுவதற்கு அந்தச் சோதனை பயன்படக் கூடியது. கம்பெனி 2002-இல் 22 லட்சம் டாலர் வரையில் கொடுக்க இசைந்து ராஜியாயிற்று. இவ்வளவும் நடந்தபின், 2008-இல், மரபணுச் செய்தியைக் கொண்டு வேலையிலும் வைத்திய இன்ஷியூரன்ஸிலும் பேதம் காட்டலாகாதென்று அந்நாடு தனிச் சட்டம் செய்தது. நாமும் அத்தனை பேர் அடிபட்ட பிறகுதான் விழித்துக்கொள்ள வேண்டுமா?

நமது அனுபவம்

நம் நாட்டில் உதாரணமில்லாமலும் இல்லை. உறவினரின் சத்திரசிகிச்சைக்காகச் சென்னையில் இரத்தம் கொடுக்க முன்வந்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை ஆஸ்பத்திரி கண்டறிந்தது. செய்தி பிறர் காதுக்கு எட்டி, அவருடைய கல்யாணம் நின்றது. ஊராரும் அவரை ஒதுக்கினர். அவர் தொடுத்த வழக்கில் 1998-இல் சுப்ரீம் கோர்ட்டு, அந்தரங்க உரிமை உண்டென்று ஒப்புக்கொண்டபோதிலும், மணக்கவிருந்த பெண்ணின் உயிரைக் காக்கும் உரிமை அதனினும் பெரிதென்று கூறி அவர் கோரிக்கையை நிராகரித்தது. அத்தீர்ப்பின் நியாயம் தொற்றுநோயைப் பற்றியது. மரபணுக் குறையோ தொட்டால் ஒட்டுவதன்று. ஆதலால் அந்த நியாயத்தை முதலாளி எடுத்துப் பயன்படுத்த இடமில்லை.

2018-இல் டில்லி ஹைக்கோர்ட்டின் முன் வந்தது மற்றொரு வழக்கு. பரம்பரையாக வரக்கூடிய இருதய நோயென்று சொல்லி இன்ஷியூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்க மறுத்தது. 'மரபணுக் கோளாறுகள்' என்று பொதுவாகச் சொல்லி விலக்கும் ஷரத்து சமத்துவ உரிமைக்கு விரோதமென்று நீதிபதி பிரதிபா சிங் தீர்ப்பளித்தார். அதன் சில பகுதிகள் பின்னர் சுப்ரீம் கோர்ட்டின் பரிசீலனைக்குச் சென்றன. எத்தனையோ நோய்களில் மரபணுவுக்குச் சிறிதேனும் பங்கு உண்டென்று சாஸ்திரம் சொல்லும்போது, அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கம்பெனி எவரைத்தான் தள்ள முடியாது?

முதலாளிமார் உடலையும் குடும்பத்தையும் பார்த்து ஆள் பொறுக்குவதில்லையென்று சொல்லவும் முடியாது. 2024-இல், ஸ்ரீபெரும்புதூர்க் கைபேசி ஆலையொன்றில் மணமான பெண்களை வேலைக்குச் சேர்ப்பதில்லையென்று பத்திரிகைகளில் செய்தி வெளியாகி, மத்திய சர்க்கார் தமிழ்நாட்டு சர்க்காரிடம் அறிக்கை கேட்க நேர்ந்தது. தாலியைப் பார்த்து ஆள் பொறுக்குவதாக இன்று புகார் எழுகிறதென்றால், மரபணுவைப் பார்த்து ஆள் பொறுக்குவதாக நாளை எழாதென்று உறுதி கூறுவார் யார்?

சட்டத்தின் ஓட்டை

2017-ஆம் வருஷம் ஆகஸ்டு 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக, அந்தரங்கம் ஒவ்வொரு பிரஜைக்கும் அடிப்படை உரிமையென்று தீர்த்தனர். அவ்வழக்கைத் தொடுத்த ஸ்ரீ புட்டசாமி, எல்லைக்கு அப்பாலுள்ள கர்நாடக ஹைக்கோர்ட்டின் ஓய்வு பெற்ற நீதிபதி. அடுத்த வருஷம் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணாவின் கமிட்டி சமர்ப்பித்த மசோதா, மரபணு விவரத்தை விசேஷக் காவலுக்குரிய நுண்ணிய விவரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. 2019-இல் பார்லிமெண்டுக்கு வந்த மசோதாவிலும் அச்சொல் இருந்தது. அம்மசோதா 2022-இல் வாபஸ் பெறப்பட்டது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் மரபணு என்ற சொல்லும் இல்லை. நுண்ணிய விவரம் என்ற வகுப்பும் இல்லை. கடைக்குக் கொடுத்த டெலிபோன் நம்பரும், ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த இரத்தத்தின் செய்தியும் அதன் கண்ணுக்கு ஒன்றே.

அதன் 7-ஆவது பிரிவைப் படித்தால் விபரீதம் விளங்கும். உத்தியோக நோக்கத்திற்காகவும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்காகவும், தொழிலாளியின் விவரத்தை அவர் சம்மதமின்றியே கையாளலாமென்று அப்பிரிவு இடங்கொடுக்கிறது. வியாபார இரகசியங்களைக் காப்பதும் அந்நோக்கங்களில் ஒன்றென்று பெயர் குறித்தே எழுதியிருக்கிறது. முதலாளியின் இரகசியத்திற்குச் சட்டத்தில் பெயரிட்டு ஓரிடம். தொழிலாளியின் உடம்பிலுள்ள இரகசியத்திற்கு ஒரு வார்த்தையும் இல்லை!

சம்மதம் வாங்கினாலும் நிலைமை பெரிதும் மாறிவிடாது. சம்மதப் பத்திரத்தை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள பாஷைகளிலோ படிக்க வழியிருக்க வேண்டுமென்று சட்டம் சொல்கிறது. சந்தாளி அவ்வட்டவணையில் உண்டு. ராஞ்சிப் பக்கத்து முண்டாரியும் குடுக்கும் இல்லை. நமது இருளரின் பேச்சும் இல்லை. மேலும், விவரத்தைக் காவாமல் கசியவிட்ட கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரையில் அபராதம் விதிக்கலாமென்பது கேட்க இனிமையாயிருக்கிறது. அப்பணம் சேர்வது சர்க்காரின் கஜானாவில். பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்பதற்கிருந்த பிரிவையும் இப்புதிய சட்டம் நீக்கிவிட ஏற்பாடு செய்திருக்கிறது. வேலையிழந்த பெண்ணுக்கு மிஞ்சுவது யாது? இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியமான பிரிவுகள் 18 மாதங்கள் கழித்து அமலாகுமென்று அறிவிக்கப்பட்டன. அந்த அவகாசத்தில் திருத்தம் கேட்பது நம் கடமை.

ஆட்சேபமும் சமாதானமும்

ஆலையில் விஷப்பொருள்கள் உண்டு. சிலருடைய உடல் பிறப்பிலேயே அவற்றைத் தாங்காது. அத்தகையோரை அறிந்து விலக்குவது அவர்களுக்கே நன்மையன்றோ என்று சிலர் கேட்கலாம். கேள்வி பழையது. பின்னாளில் இந்தியாவில் குடியேறி 1964-இல் ஒடிஸாவில் காலமான விஞ்ஞானி ஹால்டேன், மண்பாண்டத் தொழிலாளருக்கு வரும் மார்நோயைப் பற்றி 1938-இலேயே இதே யோசனையை எழுதியிருக்கிறார். அதற்கு நமது சமாதானம் இரண்டு. பலவீனரை வெளியேற்றிவிட்டால் போதுமென்றிருக்கும் முதலாளி, புகையையும் தூசியையும் குறைக்க மாட்டார். மிஞ்சியவரும் சிறிது காலம் தாழ்த்து அந்நோய்க்கே இரையாவர். இரண்டாவதாக, ஆபத்தை அறிய வேண்டியவர் தொழிலாளியே. டாக்டர் அதை அவரிடம் தனியே சொல்லட்டும். முதலாளிக்குச் செல்லும் சீட்டில் 'இவ்வேலைக்குத் தகுதியுண்டு' அல்லது 'இல்லை' என்னும் ஒரு வரிக்கு மேல் வேண்டியதில்லை.

பெயரை அழித்துவிட்டு வைத்திருக்கிறோம், பயமில்லை என்பர் மற்றும் சிலர். பெயரழித்த மரபணு ஏடுகளிலிருந்து, பொதுவில் கிடைக்கும் வமிசாவளி ஜாபிதாக்களின் உதவியால் ஆட்களின் பெயரைக் கண்டுபிடித்துவிடலாமென்று 2013-இலேயே அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டிவிட்டனர். ஒரே குலத்தார் சில நூறு பேர் வாழும் நமது மலைக் கிராமத்தில் அது இன்னும் எளிது. பூட்டும் நம்பத்தக்கதன்று: டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களே 2022 நவம்பரில் கொள்ளையர் தாக்குதலால் முடங்கின. எச்சிலைப் பெற்று மரபணு பார்த்துச் சொல்லும் அமெரிக்க 23அண்ட்மீ கம்பெனியிலிருந்து 69 லட்சம் பேருடைய விவரங்கள் களவாடப்பட்டது 2023-இல் தெரியவந்தது. 2025-இல் அக்கம்பெனி திவாலாகி, அதன் ஏடுகளே ஏலத்துக்கு வந்தன. களவுபோன சங்கேதச் சொல்லை மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை மாற்றிக்கொள்ள முடியுமா?

செய்ய வேண்டுவது

விஞ்ஞானத்தை நாம் தடுக்கவில்லை. பெங்களூரு விஞ்ஞான ஸ்தாபனத்திலுள்ள மூளை ஆராய்ச்சி நிலையத்தை நடுவாகக் கொண்டு இந்தியர் 10,000 பேரின் மரபணுவைப் படித்த பெருமுயற்சி நம் தேசத்திற்குக் கீர்த்தி. ஜனங்கள் நம்பினால்தான் இத்தகைய முயற்சிக்கு இரத்தம் கொடுப்பார்கள். காவல் இருந்தால்தான் நம்புவார்கள்.

புதிய வழி தேடி அலையவும் வேண்டுவதில்லை. 2017-ஆம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டம் கையிலிருக்கிறது. வேலை கொடுப்பதற்கு நிபந்தனையாக அச்சோதனையைக் கேட்கலாகாது, சம்மதமின்றிச் சோதிக்கலாகாது, முடிவை வெளியிடலாகாது, நோயைக் காரணமாக்கி வேலையிலிருந்து நீக்கலாகாது என்று அது வகுத்திருக்கிறது. தொற்றும் நோய்க்குக் கொடுத்த காவலை, தொற்றாத பிறவிக் குறிப்புக்கு மறுப்பதற்கு நியாயம் என்ன? அந்தச் சட்டத்தின் அச்சிலேயே மரபணுவுக்கும் ஒரு சட்டம் வேண்டும். 2023-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 7-ஆவது பிரிவில், உத்தியோக நோக்கம் என்பதில் மரபணு விவரம் அடங்காதென்று ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நேரே நஷ்டஈடு கிடைக்க வழி செய்யப்பட வேண்டும்.

இவை பார்லிமெண்டு செய்ய வேண்டியவை. சென்னையும் பெங்களூரும் தாமே செய்யக் கூடியதும் உண்டு. தொழிற்பாதுகாப்புத் தொகுப்பின் கீழ் விதி வகுக்கும் அதிகாரம் ராஜ்ய சர்க்கார்களுக்கு இருக்கிறது. வருஷாந்தரப் பரிசோதனையில் எவையெவை பார்க்கப்படும் என்னும் ஜாபிதா, முதலாளிக்குச் செல்லும் ஒருவரிச் சீட்டு, முழு முடிவும் தொழிலாளியின் கையிலேயே கொடுக்கப்பட வேண்டுமென்ற கட்டாயம், அவருக்குத் தெரிந்த பாஷையில் வாய்மொழியாக விளக்கம் ஆகிய நான்கையும் விதியில் எழுதிவிட்டால் பாதிக் காரியம் முடிந்துவிடும். இரண்டு சர்க்கார்களும் கலந்து ஒரே மாதிரி விதி செய்தால் அத்திப்பள்ளியில் சட்டம் மாறும் சங்கடமும் தீரும்.

ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்சங்கத்தார் அடுத்த கூலி ஒப்பந்தத்திலேயே இதை ஒரு ஷரத்தாகக் கேட்கலாம்; அதற்கு எந்தச் சட்டத்திற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டசபை அங்கத்தினரும் வக்கீல்களும் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். தொழிலாளி ஆலைக்கு விற்பது நாளொன்றுக்கு இத்தனை மணி நேர உழைப்பை. அவருடைய தாயின் வமிசமும், இனிப் பிறக்கவிருக்கும் குழந்தையின் விதியும் அந்த விற்பனைப் பத்திரத்தில் எழுதப்படவில்லை.